அரிசி மாவுப் புபூசாவும் கடைக்காரர் தலையில் கட்டிய ஒட்டு மாவும்

புபூசா என்பது சீஸ், பீன்ஸ் பூரணம் வைத்துத் தட்டிக் கல்லில் சுடுகிற எல் சால்வடோர் நாட்டு ரொட்டி. அதை மக்காச்சோள மாவில் தட்டத் தெரிந்தவர்களுக்குத்தான் இது. அரிசி மாவில் இறங்கும்போது சிக்கல் எங்கெங்கே வரும் என்று சொல்லிவிடுகிறேன்.

எங்கள் மாடி வீட்டு அம்மா ஓலோகுயில்தாக்காரர். அந்நாட்டுத் தலைநகர் சான் சால்வடோரிலிருந்து விமான நிலையத்துக்குப் போகிற வழியில் இருக்கும் ஊர் அது. அரிசி மாவுப் புபூசா என்றாலே எல் சால்வடோர்காரர்கள் அந்த ஊரைத்தான் சொல்வார்கள். நவம்பர் இரண்டாம் ஞாயிறு அந்த நாட்டில் தேசியப் புபூசா தினம். 2005-இல் நாட்டின் சட்டமன்றமே அறிவித்தது. அன்றைக்கு நான் செய்து தருகிறேன் என்று அவரிடம் வாக்குக் கொடுத்திருந்தேன்.

வினை ஆசியக் கடையிலேயே ஆரம்பித்தது. அடுக்கில் ஒரே அளவில், ஒரே படத்தோடு இரண்டு பாக்கெட். எழுத்தின் நிறம் மட்டும் வேறு. "இதில் ஒட்டும் அரிசி மாவு எது, சாதா மாவு எது?" என்று தெளிவாகத்தான் கேட்டேன். கல்லாவில் இருந்தவர் செல்போனிலிருந்து தலையைத் தூக்காமல் ஒன்றைக் காட்டி, "இதுதான் சாதா" என்றார். வீட்டுக்கு வந்து வெந்நீர் விட்டால் பசை! கையை உதறினாலும் போகவில்லை. கல்லில் போட்டது பரவி, அடியில் பிடித்து, சீஸோடு சேர்த்துச் சுரண்டி எடுக்கவேண்டியதாயிற்று. திரும்பக் கொண்டுபோனால், பிரித்த பாக்கெட்டை எடுக்கமாட்டார்களாம். போகவர பஸ் கூலியும் தண்டம்.

சரியான மாவு கிடைத்த பிறகு இணையக் குறிப்புகள் காலை வாரின. பாதிப் பேர் சோள மாவுக் குறிப்பையே எடுத்து, 'சோளம்' இருந்த இடத்தில் 'அரிசி' என்று மாற்றி வைத்திருக்கிறார்கள். வெதுவெதுப்பான தண்ணீரில் பிசையச் சொல்கிறார்கள். சோளத்தைச் சுண்ணாம்பு நீரில் வேகவைத்து அரைப்பதால் அந்த மாவு தானாகச் சேர்ந்து வரும். பச்சரிசி மாவுக்கு அந்த வசதி கிடையாது. சூட்டில் கொஞ்சம் வெந்தால்தான் பிடித்துக்கொள்ளும். அந்தக் குறிப்புப்படி பிசைந்தது பூரணம் வைத்து மூடும்போதே விண்டு போனது.

ஆகவே கொழுக்கட்டைக்கு மாவு கிளறுகிற மாதிரியே செய்யுங்கள். 2 கப் மாவு, உப்பு, ஒரு ஸ்பூன் எண்ணெய். தளதளவென்று கொதிக்கும் தண்ணீர் ஏறக்குறைய 2 கப். மொத்தமாக ஊற்றாமல் கரண்டிக் காம்பால் கிளறிக்கொண்டே விடுங்கள். ஈரத்துணி போட்டு மூடிவைத்து, கை பொறுக்கிற சூட்டில் அழுத்திப் பிசையவேண்டும். ஓர் உருண்டையைத் தட்டிப் பாருங்கள்: ஓரம் வெடித்தால் இன்னும் வெந்நீர் கேட்கிறது என்று அர்த்தம். வறுத்த இடியாப்ப மாவு என்றால் தண்ணீர் இன்னும் குடிக்கும்.

பூரணம் ஈரமாக இருந்தால் எல்லாம் பாழ். அவர்கள் ஊர் கெசீயோ சீஸ் கிடைக்காவிட்டால், கட்டியாக வரும் மொசரெல்லாவைத் துருவிக்கொள்ளுங்கள். தண்ணீரில் மிதக்கும் உருண்டை வேண்டாம். சிவப்பு பீன்ஸ் விழுதைச் சட்டியில் ஒட்டாமல் சுருண்டு வரும்வரை வதக்கி ஆறவைத்து, சீஸோடு சேர்த்துப் பிசைந்துவிட்டால் மூடுவது சுலபம். பூரணத்தில் சேர்க்கிற லொரோகோ என்ற கொடியின் பூமொட்டு உறையவைத்ததாகக் கிடைத்தால் அதையே வாங்குங்கள். பாட்டிலில் வருவது உப்புக் கரிக்கும், நன்றாக அலசவேண்டும்.

கையில் தண்ணீரும் எண்ணெயும் தொட்டுக்கொண்டு தட்டி, மிதமான தீயில் பக்கத்துக்கு நாலைந்து நிமிடம். அரிசி மாவு சோளம் அளவுக்குச் சிவக்காது. நிறத்துக்காகக் காத்திருந்தால் வறட்டியாகிவிடும். வெள்ளையில் அங்கங்கே பழுப்புப் புள்ளி விழுந்து, நடு உப்பினால் எடுத்துவிடலாம். சீஸ் கொஞ்சம் வெளியே கசிந்து கல்லில் முறுகினால் கவலைப்படாதீர்கள், அந்த முறுகலுக்குத்தான் சண்டையே நடக்கும்.

தொட்டுக்கொள்ள குர்தீதோ என்ற முட்டைக்கோஸ் ஊறுகாயும் தக்காளி சல்சாவும் முதல் நாளே தயார், அதில் சிரமமில்லை.

மாடி வீட்டு அம்மா முதல் புபூசாவைப் பிய்த்து, ஓரத்தைத் திருப்பிப் பார்த்தார். "ஓரம் தடிமன்" என்றார். பாராட்டு வரவில்லை, ஆனால் அடுத்ததற்குக் கை நீண்டது. எனக்கு அது போதும்.

மிச்சம் வைத்தால் மைக்ரோவேவில் போடாதீர்கள், ரப்பராகிவிடும். தண்ணீர் தெளித்து, கல்லில் மூடிபோட்டுச் சுடவையுங்கள்.