பொடி வைக்கும் இடம்

வலது கண்ணில் புரை எடுத்துச் செயற்கை லென்ஸ் வைத்த அறுவை முடிந்து ஒரு மாதம் கழித்து மறுபரிசோதனைக்கு வந்திருந்தார் அந்த நகை ஆசாரி. ஆறு மீட்டர் தள்ளி உட்கார வைத்து எழுத்துப் பலகையைக் காட்டினேன். கண்ணாடி இல்லாமல் கடைசி வரி வரை தடுமாறாமல் வாசித்தார். கோப்பில் 6/6 என்று எழுதி, பவர் பூஜ்யம் என்று பக்கத்தில் போட்டேன்: முழுப் பார்வை, தூரத்துக்குக் கண்ணாடி வேண்டாம். கணக்குப் போட்டபடியே வந்திருந்தது. கண்ணுக்கு அளவெடுக்கும் வேலையில் இருக்கிறவர்களுக்கு இதைவிட நிறைவான நாள் கிடையாது.

அவர் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.

"தூரத்துல எல்லாம் பளிச்சுனு தெரியுதுங்க அம்மணி. என் கைதான் தெரியலீங்க."

சட்டைப்பையிலிருந்து மடித்த காகிதம் ஒன்றை எடுத்துப் பிரித்தார். உள்ளே பாதி வேலை முடிந்த மூக்குத்தி. சாமணமும் கொண்டுவந்திருந்தார். மூக்குத்தியைச் சாமணத்தால் பிடித்து, முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் நிறுத்தி, இடது கண்ணை மூடிக்கொண்டு, லென்ஸ் வைத்த வலது கண்ணால் பார்த்தார். பூவும் தண்டும் சேரும் இடத்தில் பற்றவைக்கும் பொடி வைத்து, ஊதுகுழலால் நெருப்பை ஊதி ஒட்ட வேண்டும். அந்த இடம் மஞ்சளாகக் கலங்கிக் கிடந்தது அவருக்கு. கையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிக்கொண்டே போனார். கை முழுசாக நீண்டுவிட்டது. அவ்வளவு தூரத்தில் மூக்குத்தி வெறும் புள்ளி.

"நாப்பத்தஞ்சு வருசமா இந்த இடத்த இங்க வச்சுத்தானுங்க பாத்திருக்கேன்" என்று மறுபடியும் ஒரு சாணுக்குக் கொண்டுவந்து காட்டினார்.

அவருக்குச் சின்ன வயதிலிருந்தே மைனஸ் 4, கிட்டப்பார்வை. மைனஸ் 4 உள்ள கண் கண்ணாடி இல்லாமல் தெளிவாகப் பார்க்கிற தூரம் 25 சென்டிமீட்டர், ஏறக்குறைய ஒரு சாண். வெளியே போக வர மட்டும் கண்ணாடி போட்டுக்கொள்வார், பட்டறையில் உட்கார்ந்ததும் கழற்றி வைத்துவிடுவார். கூட வேலை செய்தவர்களுக்கெல்லாம் நாற்பதைத் தாண்டியதும் வெள்ளெழுத்து வந்து கண்ணாடி ஏறியபோது இவருக்கு மட்டும் அது தேவைப்படவில்லை. அரத்தைப் போல, ஊதுகுழலைப் போல, அந்த மைனஸையும் ஒரு கருவியாகவே வைத்துப் பிழைத்திருக்கிறார். புரையை எடுக்கும்போது அதையும் சேர்த்து எடுத்துவிட்டோம். அவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. படிவத்தில் தொழில் என்ற கட்டத்தில் 'நகை வேலை' என்று எழுதியிருந்தது. என் கையெழுத்துதான்.

அளவெடுப்பது என்றால் என்ன என்று கொஞ்சம் சொல்ல வேண்டும். கண்ணின் நீளம், கருவிழியின் வளைவு, இந்த இரண்டும்தான் அடிப்படை. இதை வைத்து எந்த பவர் லென்ஸ் வைத்தால் அறுவைக்குப் பிறகு என்ன பவர் வரும் என்று கணக்கிடுகிறோம். ஆசாரியின் கண் நீளம் 25.2 மில்லிமீட்டர், சராசரியைவிடப் பெரிய கண். பூஜ்யம் வர 16 பவர் லென்ஸ் போதும் என்றது கணக்கு. ஆனால் பூஜ்யத்தைக் கேட்டது நாங்கள். கணக்குக்கு எந்த இலக்கைக் கொடுத்தாலும் போட்டுத் தரும். மைனஸ் 3 வேண்டும் என்றால் அதற்கும் ஒரு லென்ஸ் இருக்கிறது, அதே விலையில், அதே அலமாரியில்.

படிக்கிற காலத்தில் வகுப்பில் சொன்ன ஒரு கதை எனக்கு மறக்காது. உலகத்தில் முதன்முதலாகக் கண்ணுக்குள் செயற்கை லென்ஸ் வைத்தவர் ஹெரால்ட் ரிட்லி, 1949 நவம்பரில், லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில். இரண்டாம் உலகப் போரில் விமானக் கூண்டின் பெர்ஸ்பெக்ஸ் என்ற பிளாஸ்டிக்கின் சில்லுகள் விமானிகளின் கண்ணுக்குள் போய் அப்படியே கெடுதல் செய்யாமல் கிடந்ததைக் கவனித்து, அதே பொருளில் லென்ஸ் செய்தார். இயற்கை லென்ஸின் வடிவத்தையே பார்த்துச் செய்தார்கள். ஆனால் பெர்ஸ்பெக்ஸ் இயற்கை லென்ஸைவிட ஒளியை அதிகம் வளைக்கும். முதல் நோயாளிக்கு மைனஸ் 18 வந்தது. எதிர்பாராத பவர் என்பது இந்த வைத்தியத்தோடு கூடவே பிறந்தது என்று சொல்லத்தான் ஆசிரியர் இதைச் சொன்னார். பரீட்சைக்கு வரும் என்று எழுதிக்கொண்டேன். உண்மையில் எனக்கு அது புரிந்தது ஒரு பாட்டியால்.

அவருக்குப் புரை முற்றி வெளுத்துப் போயிருந்தது. அந்த மாதிரிக் கண்ணில் ஒளியால் அளக்கும் இயந்திரம் வேலை செய்யாது, ஒளி உள்ளே போனால்தானே அளக்கும். மரத்துப்போகும் சொட்டு மருந்து விட்டு, ஏ-ஸ்கேன் முனையைக் கருவிழியில் வைத்து ஒலியால் அளக்க வேண்டும். முனை தொட வேண்டும், அழுத்தக் கூடாது. கருவிழி மயிரிழை அமுங்கினாலும் கண் குட்டையாகத் தெரியும். குட்டைக் கண்ணுக்குக் கணக்கு கூடுதல் பவர் லென்ஸ் சொல்லும். நீளத்தில் ஒரு மில்லிமீட்டர் தவறினால் ஏறக்குறைய இரண்டரை பவர் தவறும். அன்று முகாம் நோயாளிகள் இரண்டு வேன் நிறைய வந்திருந்தார்கள். பாட்டியின் வலது கண் 22.4, இடது கண் 23.1 என்று வந்தது. இரண்டு கண்ணுக்கும் 0.3க்கு மேல் வித்தியாசம் வந்தால் மறுபடி அளக்க வேண்டும் என்பது எனக்குத் தெரியாததில்லை. வரிசையைப் பார்த்தேன். சிலருக்கு அப்படியும் இருக்கும் என்று நினைத்து, 22.4 என்றே எழுதிவிட்டேன்.

அறுவைக்குப் பிறகு மைனஸ் ஒன்றே முக்கால். புரை போய்விட்டதால் இப்போது ஒளி இயந்திரமே அளந்து சொன்னது: 23.1.

என்னை அதிகம் உறுத்தியது அந்த எண் இல்லை. பாட்டி சந்தோஷமாக இருந்தார். "அரிசியில கல்லு பொறுக்கறேன் கண்ணு, பூக் கட்டறேன். இதுக்கு மேல என்ன?" என்றார். பஸ் போர்டு படிக்க முடியவில்லை. அது வயசானால் அப்படித்தான் என்று அவராகவே முடிவு செய்துகொண்டிருந்தார். நாங்கள் வாய் திறக்காமல் இருந்தால் அந்தத் தவறு யாருக்கும் தெரிந்திருக்காது. எங்கள் டாக்டர் அவர் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து சொன்னார்: "அளவுல எங்க பக்கம் தப்பு நடந்துருச்சும்மா. லென்ஸ் பவர் கொஞ்சம் கூடிருச்சு. தூரத்துக்குக் கண்ணாடி போட்டா பஸ் போர்டு தெரியும். கண்ணாடி எங்க செலவு." பாட்டி என்னை நிமிர்ந்து பார்த்து, "அந்தப் புள்ளைய வையாதீங்க" என்றார். எந்தப் புள்ளை அளந்தது என்று டாக்டர் சொல்லவே இல்லை. என் முகம் காட்டிக் கொடுத்திருக்க வேண்டும்.

அன்றிலிருந்து இரண்டு கண் நீளம் ஒத்துப்போகவில்லை என்றால் நான் அளந்ததை நானே திரும்ப அளப்பதில்லை. இன்னொருவரைக் கூப்பிட்டு, என் எண்ணைச் சொல்லாமல் அளக்கச் சொல்வேன். வெளியே எத்தனை வேன் நின்றாலும் சரி.

எண் தப்பி வருவதை ஒழுங்காக வேலை செய்தால் பெருமளவு குறைக்கலாம். புதிதாக வருகிற சிக்கல்களும் உண்டு. கிட்டப்பார்வைக் கண்ணாடியைக் கழற்றுவதற்காக இருபது வருடத்துக்கு முன்னால் லேசர் செய்துகொண்டவர்கள் இப்போது புரை வயதுக்கு வருகிறார்கள். அவர்களுடைய கருவிழி தட்டையாக்கப்பட்டது. சாதாரணக் கருவி அதன் வலுவைக் கூட்டிச் சொல்லும், லென்ஸ் பவர் குறைந்துபோகும், அறுவைக்குப் பிறகு பிளஸ் வந்து நிற்கும். தூரமும் தெளிவில்லை, கிட்டமும் தெளிவில்லை. லேசர் செய்ததை அவர்களாகச் சொல்வதில்லை, அது அவர்களுக்கு என்றோ முடிந்துபோன விஷயம். நாம்தான் கேட்க வேண்டும். கேட்டுவிட்டால் அதற்கென்றே இருக்கும் வேறு கணக்குகளைப் போடலாம்.

ஆசாரிக்கு நடந்தது இந்த வகையில் சேராது. எண் சரி. ஆள்தான் விட்டுப்போனது. இதற்கு இயந்திரத்தில் எச்சரிக்கை எதுவும் வராது.

ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவருக்கும் ஏறக்குறைய இதேதான். வெளிநாட்டிலிருந்து மகன் போனில், "இருக்கிறதிலேயே நல்ல லென்ஸ் வையுங்க, காசு பிரச்சினை இல்லை" என்றார். பல தூரங்களுக்கும் பார்வை தரும் மல்டிபோகல் லென்ஸ் வைத்தார்கள். பேப்பரும் படிக்கிறார், டிவியும் பார்க்கிறார், கண்ணாடி கிடையாது. ஆனால் விடியற்காலை நாலரைக்கு மொபெட்டில் பால் சொசைட்டிக்குப் போகிறவர் அவர். எதிரே வருகிற ஒவ்வொரு விளக்கையும் சுற்றி வளையம் வளையமாகத் தெரிகிறது என்று வந்து நின்றார். அந்த லென்ஸ் உள்ளே வரும் ஒளியைத் தூரத்துக்கும் கிட்டத்துக்குமாகப் பங்கு வைக்கிறது. இருட்டில் அதற்கு ஒரு விலை உண்டு. பல பேருக்குச் சில மாதங்களில் மூளை பழகிக்கொள்ளும், அவருக்கும் ஓரளவு பழகியது. வளையத்தைப் பற்றி முன்பே சொல்லியிருந்தோம். ஆனால் ஒரே வாக்கியத்தில், கையெழுத்து வாங்கும்போது. நாலரை மணி மொபெட்டைப் பற்றி யாரும் விசாரிக்கவில்லை.

எது நல்ல லென்ஸ் என்ற கேள்விக்கு நான் இப்போது பதில் சொல்வதில்லை. விலைப் பட்டியலில் மேலே இருப்பது மேலான பார்வை என்று எல்லோரும் நம்புகிறார்கள், அந்த நம்பிக்கையை நாங்களும் சரியாகக் கலைப்பதில்லை. இதைச் சொல்ல வருத்தமாகத்தான் இருக்கிறது. என் அம்மாயிக்குப் புரை எடுத்த காலத்தில் லென்ஸே வைக்கவில்லை. சோடாபுட்டிக் கண்ணாடியோடுதான் கடைசி வரை நடமாடினார். 1992இல் மதுரையில் ஆரோலேப் தொடங்கி, இங்கேயே குறைந்த விலையில் லென்ஸ் செய்ய ஆரம்பித்த பிறகுதான் சாதாரண ஜனங்களின் கண்ணுக்குள் லென்ஸ் வந்தது. அந்தச் சாதாரண ஒற்றைப் பார்வை லென்ஸ், சரியான இலக்கு வைத்துக் கணக்கிட்டால், இன்றும் பெரும்பாலானவர்களுக்குப் போதும். கூடுதல் விலை லென்ஸ் நிஜமாகவே உதவுகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் யார் என்று கண்டுபிடிக்க, பணத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் பத்து நிமிடம் வேறு பேச வேண்டும்.

அதனால் இப்போது அளவெடுக்கும்போதே கேட்கிறேன். காலையில் எழுந்ததிலிருந்து படுக்கிற வரை என்னென்ன பார்ப்பீர்கள்? எதை எவ்வளவு தூரத்தில் வைத்துப் பார்ப்பீர்கள், கையால் காட்டுங்கள். இரவில் வண்டி ஓட்டுவீர்களா? இப்போது கண்ணாடி இல்லாமல் செய்கிற வேலை எது? கடைசிக் கேள்விதான் முக்கியம். புரை வளரும்போது சிலருக்கு மைனஸ் ஏறி, அதுவரை போட்டிருந்த படிக்கிற கண்ணாடியைக் கழற்றிவிடுவார்கள். கண் திரும்பிவிட்டது என்று மகிழ்ந்திருப்பார்கள். அறுவை முடிந்ததும் அது போய்விடும். முன்னாலேயே சொல்லாவிட்டால், நாங்கள் எதையோ பறித்துக்கொண்டதாகத்தான் அவர்களுக்குத் தோன்றும். கையால் காட்டச் சொன்ன தூரத்தை அளந்து கோப்பில் பென்சிலால் எழுதி வைக்கிறேன். டாக்டர் இலக்கு முடிவு செய்யும்போது அதைப் பார்க்கிறார்.

ஆசாரிக்கு அப்போது லென்ஸை மாற்றிவிடலாமா என்று டாக்டர் கேட்டார். "தொட்ட கண்ணத் திரும்பத் தொட வேண்டாமுங்க" என்றுவிட்டார். கிட்ட வேலைக்குப் பிளஸ் 4 கண்ணாடி எழுதிக் கொடுத்தோம். நெருப்புப் பக்கத்தில் குனிந்து ஊதும்போது வியர்வையில் வழுக்குகிறது என்று அதை அதிகம் போடவில்லை. இடது கண்ணில் புரை லேசாகத்தான் இருந்தது, பழைய மைனஸ் 4 அப்படியே இருந்தது. அந்த ஒரு கண்ணை வைத்தே இரண்டு வருடம் வேலை பார்த்தார்.

இடது கண்ணும் மங்கியபோது திரும்ப வந்தார். கருவிகளைக் கொண்டுவரச் சொல்லியிருந்தேன். சோதனைச் சட்டத்தை மாட்டி, இடது பக்கம் மைனஸ் 1 கண்ணாடியைப் போட்டேன். மைனஸ் 3 இலக்கு வைத்தால் எவ்வளவு தூரத்தில் தெரியும் என்று அவரே பார்ப்பதற்காக. சாமணத்தைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "இன்னும் கொஞ்சம் கிட்ட வரணுமுங்க" என்றார். அரை மைனஸாக, அதாவது மைனஸ் மூன்றரை இலக்குக்கு, மாற்றினேன். "இது." சாதாரணமாக இரண்டு கண்ணுக்கும் ஒன்றரை பவர் போல வித்தியாசம் வைத்தாலே யோசிப்போம். படிக்கட்டு இறங்கும்போது ஆழம் சரியாகத் தெரியாமல் போகலாம், வித்தியாசம் கூடினால் இரண்டையும் ஒரே கண்ணாடியால் சரிசெய்வதும் கஷ்டம். டாக்டர் இதை அவரிடமும் மகனிடமும் இரண்டு முறை சொன்னார். ஆசாரி நாலு பவர் வித்தியாசத்தோடு இரண்டு வருடம் வாழ்ந்து பார்த்தவர் என்பதால்தான் டாக்டர் ஒத்துக்கொண்டார். வேறு யாருக்கும் இதைச் செய்ய மாட்டோம்.

மைனஸ் மூன்றேகால் வந்தது. மறுபரிசோதனை அன்று நான் பலகையைக் காட்டுவதற்கு முன்பே காகிதத்தைப் பிரித்தார். முடித்த மூக்குத்தி. ஒரு சாணைவிடக் கொஞ்சம் தள்ளிப் பிடித்து, திருப்பித் திருப்பிப் பார்த்து, என்னிடம் நீட்டினார்.

"ஒட்டு எங்கயாவது தெரியுதுங்களா அம்மணி?"

எனக்கும் வெள்ளெழுத்து வந்து மூன்று வருடம் ஆகிறது. மேசை இழுப்பறையிலிருந்து என் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு, ஜன்னல் பக்கம் போய் வெளிச்சத்தில் பார்த்தேன். தெரியவில்லை.