விடைத்தாள் திருத்துகிறவரை நினைத்துக்கொண்டு எழுதினேன்

ஜூலையில் எழுதிய பார் தேர்வில், அதாவது வக்கீல் உரிமத் தேர்வில், எனக்கு வந்தது 257. நியூயார்க்கில் வக்கீலாக 400-க்கு 266 வேண்டும். ஒன்பது மதிப்பெண்ணில் போச்சு. முடிவு வந்தபோது மகளுக்கு ஒன்றரை வயது. “கைப்பிள்ளையை வைத்துக்கொண்டு இதெல்லாம் எதுக்கு?” என்றார் அத்தை போனில்.

அந்த நாட்களில்தான் சாண்ட்ரா டே ஓ'கானரைப் பற்றிப் படித்தேன். 1981-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்துக்குப் போன முதல் பெண் என்பது எல்லோருக்கும் தெரியும். எனக்கு உதவியது அதற்கு முந்தைய அரிசோனா கதை.

1952-இல் ஸ்டான்ஃபோர்டில் சட்டம் முடித்தவருக்கு வக்கீல் நிறுவனங்கள் வேலை தரவில்லை. ஒன்று மட்டும் செக்ரட்டரி வேலை வரை இறங்கி வந்தது! கலிஃபோர்னியாவில் ஒரு கவுண்டி (நம்ம மாவட்டம் மாதிரி) அரசு வக்கீல் அலுவலகத்தில் முதலில் சம்பளமே இல்லாமல் சேர்ந்தார். 1957-இல் கணவரோடு அரிசோனாவின் ஃபீனிக்ஸ் நகருக்கு வந்தார். இரண்டாவது மகன் பிறந்தபின் 1960 முதல் ஐந்து வருஷம் வேலைக்குப் போகவில்லை. இடையில் மூன்றாவது மகனும் பிறந்தான். கணவரும் வக்கீல், ஒரு சம்பளத்தில் வீடு ஓடியது. அந்த வசதியையும் கணக்கில் சேர்க்கத்தான் வேண்டும்.

ஆனால் வீட்டில் இருந்தபடியே அரிசோனா பார் தேர்வுக்குக் கேள்விகள் எழுதிக் கொடுத்தார், விடைத்தாள் திருத்தினார். இதைப் படித்ததும் எனக்குப் பொறி தட்டியது. என் விடையைப் படிக்கப்போவதும் இப்படி ஒருவர்தானே? சாப்பாட்டு மேசையில் தாள் குவியல், பக்கத்து அறையில் பிள்ளைகள் சத்தம். அவர் மார்க் போட வேண்டிய வரியை நான் மூன்றாவது பத்தியில் ஒளித்து வைத்திருந்தேன்.

முதல் தடவை நோட்ஸை மூன்று வண்ணத்தில் கோடு போட்டுப் படித்தேனே தவிர, எழுதிப் பார்க்கவில்லை. இரண்டாவது தடவை மகள் தூங்கியதும் அடுப்படி டைமரை 30 நிமிடத்துக்குத் திருகிவிட்டு தினம் ஒரு கட்டுரை. முதல் வரியில் பிரச்சினை, அடுத்து விதி, அப்புறம் கேள்வியில் கொடுத்த கதையில் வரும் ஆட்களுக்கு அதைப் பொருத்துவது. டைமர் அடித்தால் பாதி வாக்கியத்திலும் நிறுத்தினேன். நியூயார்க் தேர்வு வாரியம் பழைய கேள்விகளோடு தேர்வர்கள் எழுதிய மாதிரி விடைகளையும் இணையத்தில் போடுகிறது. கோச்சிங்குக்குப் பணம் கட்டுமுன் அதைப் பாருங்கள். விதி மறந்துபோனாலும் தாளை வெறுமையாக விடாதீர்கள். நியாயமாகத் தோன்றும் விதியைச் சொல்லி, அதைப் பொருத்திக் காட்டுங்கள்.

கொள்குறிக் கேள்விகள் 200, ஆறு மணி நேரம். மணிக்கு 33 என்று விடியற்காலையில் பழகினேன். தப்பானதற்குச் சரியான விடையை அல்ல, ஏன் தப்பாகப் போட்டேன் என்பதை நோட்டில் குறித்தேன். கேள்விச் சாட்சியம், அதாவது அடுத்தவர் சொல்லக் கேட்டதைச் சாட்சியாகச் சொல்வது, அது மட்டுமே நாலு பக்கம் போனது.

ஓ'கானர் 1965-இல் வேலைக்குத் திரும்பினார். மாநில செனட், 1974-இல் ஓட்டுக் கேட்டு வென்று மாரிகோபா கவுண்டி நீதிபதி, 1979-இல் மாநில மேல்முறையீட்டு நீதிமன்றம். 2006-இல் உச்ச நீதிமன்றத்தை விட்டு வந்தது அல்சைமர் நோயில் இருந்த கணவருக்காக.

பிப்ரவரியில் எனக்கு 274. தேர்வுக்கு முந்தின வாரம் மகளுக்குக் காய்ச்சல். இரண்டு நாள் டைமரைத் தொடவே இல்லை. அத்தைக்கு இன்னும் மார்க்கைச் சொல்லவில்லை.