கார்டு இல்லாதவருக்கும் அரிசி

2020 மே 5, கொரோனா ஊரடங்கு நேரம். ராகுல் காந்தியிடம் நோபல் பரிசு பெற்ற பொருளாதார அறிஞர் அபிஜித் பானர்ஜி சொன்னது: கேட்கிறவர்களுக்கெல்லாம் மூன்று மாதத்துக்குத் தற்காலிக ரேஷன் கார்டு கொடுங்கள், தேவைப்பட்டால் நீட்டித்துக் கொடுங்கள். அந்த உரையாடலில் வறுமை பற்றிப் பேசியதில் இதுதான் உருப்படியான யோசனை.

உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி தலைக்கு மாதம் 5 கிலோ தானியம். கிராமத்தில் 75, நகரத்தில் 50 சதவீதம் பேர் வரை. ஆனால் அந்தத் தலைக்கணக்கு 2011 சென்சஸோடு நின்றுபோனது. கோட்டா நிரம்பிய மாநிலத்தில் புதிதாகப் பிறந்த குழந்தையின் பெயரைச் சேர்ப்பதே பெரும்பாடு. பீகாரிலிருந்து மும்பைக்குக் கட்டட வேலைக்கு வந்தவருக்கோ அப்போது கார்டு ஊரில், பசி மும்பையில்.

அத்தனைக்கும் அப்போது கிடங்குகளில் தானியம் மலையாகக் குவிந்து கிடந்தது. அந்தப் பேச்சுக்குச் சில நாள் முன்பு ஏழைகளுக்கு உதவ எவ்வளவு ஆகும் என்று ராகுல் கேட்டதற்கு ரிசர்வ் வங்கி முன்னாள் ஆளுநர் ரகுராம் ராஜன் சொன்ன தொகை, சுமார் 65,000 கோடி ரூபாய்.