திங்கள்: மூன்று பொருள், மூன்று ஓசை

ஜப்பானில் ஒன்றாம் வகுப்புக்கு வைத்திருக்கும் 80 கான்ஜியில் (ஜப்பானியர் எழுதும் சீன எழுத்துகளில்) ஒன்று, நமக்கென்றே செய்ததுபோல் இருக்கும். நிலா, மாதம், திங்கட்கிழமை, மூன்றிலும் அதே எழுத்துதான்: 月. பக்கத்தில் 'திங்கள்' என்று எழுதி வைத்தால் அர்த்தம் முடிந்தது.

வரைவதற்கு நாலு கோடு. கணக்கு நோட்டில் இரண்டுக்கு இரண்டாக நாலு கட்டத்தை ஓர் எழுத்துக்கு ஒதுக்குங்கள். முதல் கோடு இடப்பக்கம் நேராக இறங்கி, அடியில் இடதுபுறம் சாய்ந்து மெலிந்து முடியும். இரண்டாவது அதே உச்சியில் தொடங்கி வலப்பக்கம் போய், பேனாவை எடுக்காமலே திரும்பி இறங்கி, உள்பக்கமாக ஒரு கொக்கியோடு நிற்கும். பிறகு உள்ளே இரண்டு படுக்கைக் கோடுகள், மேலது முதலில். இரண்டையும் மேலே ஏற்றிப் போட்டு, அடியில் தாராளமாக இடம் விடவேண்டும். கீழ்க்கோடு அடிவரை இறங்கிவிட்டால் அது சூரியன் ஆகிவிடும். அடியை இன்னொரு கோட்டால் மூடினால் கண்.

சிக்கல் ஓசையில்தான். தனியாக நின்றால் த்ஸுகி, நிலா. மாதத்தின் பெயரில் கத்ஸு. கிழமையிலும் மாதக் கணக்கிலும் கெத்ஸு. கத்ஸுவின் 'க' கானாப் பாட்டின் 'கா' போல, கெத்ஸுவின் 'கெ' நம்ம ஏரியா கெத்தில் வரும் 'கெ' போல ஒலிக்கவேண்டும். வியாசர்பாடிக்காரருக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் நோட்டில் தமிழில் எழுதிவைத்து, 'கெட்ட' என்பதில் வருகிற மாதிரி வாசித்தால், கெத்ஸு என்பது பின்பக்கத்தைச் சொல்லும் கொச்சைச் சொல்லாகிவிடும். சொல்லின் தொடக்கத்தில் மட்டும் கவனம் போதும், அதாவது திங்கட்கிழமையான கெத்ஸுயோபியில். இந்த மாதம் கொங்கெத்ஸு, போன மாதம் செங்கெத்ஸு. இவற்றில் 'ங்'குக்குப் பின் தமிழே ஓசையை மென்மையாக்கிவிடும். பௌர்ணமியன்று திருவொற்றியூர் வடிவுடையம்மன் கோயில் கூட்டத்துக்கு மேலே நிற்பது மங்கெத்ஸு.

எண்களோடு சேரும்போது நிறையப் பேர் வழுக்குகிறார்கள். ஏப்ரல் ஷிகத்ஸு, ஜூலை ஷிச்சிகத்ஸு, செப்டம்பர் குகத்ஸு. ஆனால் நாலு மாத காலம் என்றால் யோன்காகெத்ஸு, ஏழு மாதம் நானாகாகெத்ஸு, ஒன்பது மாதம் க்யூகாகெத்ஸு. அதே எண்ணுக்கு வேறு பெயர். காரணம் தேடாமல் இந்த மூன்றையும் ஜோடி ஜோடியாக வாய்விட்டுச் சொல்லிப் பழகுவதுதான் வழி. 'மாதாமாதம்' இந்த ஒழுங்குக்குள் வராது; அதை மைத்ஸுகி என்பதுதான் வழக்கம்.

பிறைக்கு மூன்று, நாள், நிலா என மூன்று கான்ஜி. முதல் இரண்டும் தனியாக இருந்தால் மிக்கா, மூன்றாம் தேதி. நிலா சேர்ந்ததும் ஒரு 'க்' உதிரும், த்ஸுகியின் தலையில் வண்டு ரீங்காரம் (z ஓசை) ஏறும்: mikazuki. நம்ம மூன்றாம் பிறையேதான்.

இன்னொரு பொறி இருக்கிறது. வயிறு, மார்பு, மூளை, நுரையீரல், கால் என்ற எழுத்துகளின் இடப்பக்கம் இதே உருவம் ஒட்டியிருக்கும். அது நிலா இல்லை, சதை என்ற எழுத்தின் சுருக்கம். சூரியனுக்கு வலப்பக்கம் நின்று 'வெளிச்சம்' ஆகும்போது அது நிலாதான். முதுகு என்ற எழுத்தில் சதையின் சுருக்கம் அடியில் உட்காரும். அங்கே முதல் கோட்டைச் சாய்க்காமல் நேராகவே இறக்குங்கள்.