சித்திர வகுப்பில் தொடங்கிய பொப் கலை

1980களின் நடுப்பகுதியில், வாங்குக்கு வாங்கு கைமாறிய எங்கள் முத்து காமிக்ஸ் இதழ்களைப் பறிமுதல் செய்யாத ஒரே ஆசிரியர் எங்கள் சித்திர ஆசிரியரே. இரும்புக்கை மாயாவியின் வண்ண அட்டையை மேசையில் வைத்து, விஞ்ஞான ஆய்வுகூடத்திலிருந்து கேட்டு வாங்கிய கைவில்லையை எங்களிடம் நீட்டி, "நிறம் எப்பிடி வந்ததெண்டு பாருங்கோ" என்றார். மாயாவியின் கன்னம் முழுவதும் சிவப்பும் மஞ்சளுமான பொடிப் புள்ளிகள்.

விளம்பரம், காமிக்ஸ், கடைப்பொருள் போன்ற அன்றாடப் படங்களையே ஓவியமாக்கும் பொப் கலை என்ற பெயரையும் அவரிடமே முதலில் கேட்டோம். 1956 இல் ரிச்சர்ட் ஹமில்டன் அமெரிக்கச் சஞ்சிகைப் படங்களை வெட்டி ஒட்டி ஒரு வீட்டறையை ஆக்கியதையும், 1962 இல் அன்டி வோர்ஹோல் கம்பெல் சூப் பேணிகளை 32 ஓவியங்களாக வைத்ததையும் கரும்பலகையில் வரைந்து காட்டினார்.

பின்னர் இலண்டன் டேட் கலைக்கூடத்தில் அமெரிக்கப் பொப் ஓவியர் ரோய் லிக்டன்ஸ்டைனின் 'வாம்!' ஓவியத்தை நேரிற் கண்டேன். 1963 இல் தீட்டப்பட்ட அது, இரண்டு துணிப்பரப்புகளில் ஏறத்தாழ நான்கு மீற்றர் அகலத்துக்கு விரிகிறது. இடப்புறம் போர்விமானம் ஏவுகணை விடுகிறது. வலப்புறம் எதிரி விமானம் மஞ்சளும் சிவப்புமாக வெடிக்கிறது. அருகே சென்றால் அதே புள்ளிகள். மலிவு அச்சுக்காக இயந்திரம் இட்ட புள்ளிகளை, துளைத்தகட்டின் துணையோடு, ஓவியர் கையால் இட்டிருக்கிறார்.

வெடிச்சத்தம் அங்கே மஞ்சள் எழுத்துகளாக நிற்கிறது. காயமும் இரத்தமும் இல்லை. பொம்மரின் இரைச்சல் கேட்டுப் பதுங்குகுழிக்குள் ஓடிய யாழ்ப்பாணத்துப் பிள்ளைகளாகிய எமக்கு அந்தச் சுத்தமே உறுத்துகிறது. இவ்வோவியம் போரை அழகுபடுத்துகிறது என்போரோடு நான் உடன்படவில்லை. சிறுவர்களுக்குப் போர் எவ்வளவு இனிப்பாக விற்கப்பட்டது என்பதை, மறைக்க முடியாத அளவுக்குப் பெருப்பித்துச் சுவரில் ஏற்றியதே அதன் வலிமை.

ஆயினும் ஒரு மனக்குறை உண்டு. ஓவியத்துக்கு அடிப்படையானது, 'ஓல் அமெரிக்கன் மென் ஒஃப் வோர்' என்ற காமிக்ஸின் 1962 ஆம் ஆண்டு இதழொன்றில் இர்வ் நோவிக் வரைந்த ஒரு கட்டம். லிக்டன்ஸ்டைனை உலகம் அறியும்; நோவிக்கை அறிந்தோர் மிகச் சிலரே. எமது கல்லூரியில் இவ்வோவியம் படிப்பிக்கப்படும்போது, நோவிக்கின் கட்டத்தையும் அருகில் வைத்து, எது நீக்கப்பட்டது, எது பெருப்பிக்கப்பட்டது என்று மாணவர்களே ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்பது என் விருப்பம்.