அத்தை வீட்டுச் சாவி

2016 டிசம்பர், பள்ளி விடுமுறை. மலேசியாவில் படிவம் நான்கு முடிந்திருந்தது, அடுத்த ஆண்டு எஸ்பிஎம் தேர்வு. கோலாலம்பூரின் கேஎல் சென்ட்ரல் நிலையத்தில் அம்மா ரயிலேற்றிவிட்டார், பினாங்கிலுள்ள அத்தை வீட்டுக்கு. நான் தனியாகப் போன முதல் பயணம் அதுதான். இடிஎஸ் ரயிலில் நான்கு மணி நேரம், பட்டர்வொர்த்திலிருந்து பெர்ரி. அப்போது பினாங்குத் தீவுக்குப் போக 1.20 வெள்ளி (ரிங்கிட்), திரும்பி வர இலவசம்.

அத்தைக்குப் பாயான் லெப்பாஸில் எலெக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலை வேலை. மறுநாள் காலை, ஆயர் ஈத்தாம் வீட்டின் ஒரே சாவியை என் கையில் வைத்து, "எங்க வேணாலும் போ, அஞ்சு மணிக்குள்ள வந்துரு. சாவி பத்திரம்மா" என்றார். எங்கள் வீட்டுச் சாவியை நான் தொட்டதே இல்லை. எப்போது போனாலும் யாராவது கதவைத் திறப்பார்கள். அன்று பையைத் திறந்து திறந்து சாவி இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்தேன்.

தண்ணீர்மலை முருகனைப் பார்க்கக் கிளம்பினேன். 204 பேருந்தில் ஏறிப் பத்து வெள்ளி நோட்டை நீட்டினேன். ஓட்டுநர் தலையசைத்து மறுத்தார். அப்போது சரியான சில்லறையைப் பெட்டியில் போட வேண்டியிருந்தது, மீதி தர மாட்டார்கள். எங்கே போனாலும் அம்மாவின் கைப்பையில் சில்லறை இருக்கும். நான் அதைப் பற்றி யோசித்ததே இல்லை. இறங்கி நின்றேன். கைப்பேசியில் அம்மாவின் எண்வரை போய்விட்டேன். சரி, அம்மா அங்கிருந்து என்ன செய்வார்? வைத்துவிட்டேன். எதிரே ஒரு மளிகைக் கடை. மலாயில் சில்லறை கேட்டதும், "தமிழ்ப் பிள்ளையா? பசியாறிட்டியா?" என்றார் கடைக்கார அம்மா. முறுக்குப் பொட்டலம் ஒன்று வாங்கினேன். மீதியைப் பார்த்துப் பார்த்துச் சில்லறையாகவே எண்ணிக் கொடுத்தார். அடுத்த பேருந்து வரும்வரை அந்த நிறுத்தத்தில் முறுக்கைக் கடித்தபடி உட்கார்ந்திருந்தேனே, அந்தச் சந்தோஷம் இன்னும் நினைவிருக்கிறது.

ஜார்ஜ்டவுன் நகரின் கொம்தார் பேருந்து நிலையத்தில் மாறி, 10ஆம் எண் பேருந்து. கோவிலுக்கு 513 படிகள். பத்துமலையின் 272 படிகளையே அப்பாவின் கையைப் பிடித்து ஏறிப் பழகியவள் நான். இங்கே மூச்சு வாங்கியபோது உட்கார்ந்தேன், தோன்றியபோது எழுந்தேன். "சீக்கிரம் ஏறு" என்று சொல்ல ஆளில்லை. மேலே நின்றால் ஜார்ஜ்டவுன் முழுதும் தெரிகிறது, அதற்கப்பால் கடல், நான் வந்த கரை.

நாலரைக்கெல்லாம் வீடு திரும்பிவிட்டேன். பூட்டு கொஞ்சம் அடம்பிடித்தது, அப்புறம் திறந்துகொண்டது. தேநீருக்குத் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தபோது அத்தை வந்து கதவைத் தட்டினார். உள்ளிருந்து நான் திறந்தேன்.