அம்மாவின் சீதன உறுதி

யாழ்ப்பாணத்தில் எங்கள் ஊர்ப் பக்கம் வீடு என்பது தாயிடமிருந்து மகளுக்குப் போவது. பூட்டி சீதனமாக எழுதிக்கொடுத்த வளவில், அதாவது வீட்டோடு சேர்ந்த காணியில்தான் அம்மம்மா குடும்பம் நடத்தினார். அம்மாவுக்குக் கலியாணம் பேசி முடிந்ததும் அதே வளவை, பத்திரம் எழுதி அத்தாட்சிப்படுத்தும் நொத்தாரிசு முன்னிலையில் அவர் பெயருக்கு எழுதி வைத்தார். ஆண்பிள்ளைகள் மணமுடித்து மனைவி வீட்டுக்குப் போய்விட, அக்கா தங்கைமார் ஒரு வளவைப் பிரித்துக்கொண்டு அடுத்தடுத்துக் குடியிருப்பார்கள். ஒல்லாந்தர் 1707 இல் எழுத்தில் தொகுப்பித்த, யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமையும், தாயின் சீதனம் பெண்மக்களுக்கு, தகப்பனின் முதுசொம் என்ற பரம்பரைச் சொத்து ஆண்மக்களுக்கு என்பதையே பழைய முறையாகச் சொல்கிறது.

இந்த வழக்கத்தை நான் முழுமனதோடு புகழ மாட்டேன். சீதனம் தேடுவதற்காகத் தம் இளமையை வெளிநாட்டு உணவகங்களின் சமையலறைகளில் கழித்த அண்ணன்மாரை எனக்குத் தெரியும். வீடு மனைவியின் பெயரில் இருந்தாலும் அதை விற்க அவளுக்குக் கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும் என்ற விதியும் அதே சட்டத்தில் இருக்கிறது. ஆனாலும், தான் பிறந்த வீட்டைவிட்டு ஒரு பெண் போக வேண்டியதில்லை என்ற உறுதிப்பாடு எவ்வளவு பெரியது என்பது, கனடாவின் ஸ்காபுரோவில் நிலக்கீழ் வீடொன்றில் வாடகைக்கு இருந்து கைக்குழந்தையை வளர்த்த காலத்தில்தான் எனக்கு உறைத்தது. பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் வேலியோரம் நின்று கூப்பிட ஒரு சின்னம்மா அங்கே இல்லை.

பின்னர் அம்மா எங்களிடம் வந்து சேர்ந்தபோது, நகைகளுக்கும் மேலாகப் பத்திரப்படுத்திக் கொண்டுவந்தது அந்தச் சீதன உறுதியை, அதாவது வளவை அவர் பெயருக்கு எழுதிய பத்திரத்தைத்தான். 1990 இல் வலிகாமம் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்த அன்றும் அது அவருடைய கைப்பையில் இருந்தது. எங்கள் வளவு இராணுவத்தின் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் போய், போர் முடிந்து பல ஆண்டுகளுக்குப் பின்னரே விடுவிக்கப்பட்டது. அப்போது அத்திவாரமும் கிணறும் தவிர வேறெதுவும் மிஞ்சியிருக்கவில்லை. அந்தப் பகுதியில் இன்னும் தங்கள் காணிக்குள் காலடி வைக்க முடியாமல் இருப்பவர்களை நினைத்தால் இதுவும் எங்களுக்குக் கிடைத்த பேறுதான்.

கனடாவில் பிறந்த என் மகள் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் எழுதப் படித்தவள். பல்கலைக்கழக விடுமுறையில் ஒருநாள் அந்த உறுதியைத் தன் அம்மம்மாவோடு இருந்து வரிவரியாக வாசித்தாள். காணிக்கு ஒரு பெயர், இத்தனை பரப்பு, இத்தனை குழி என்ற அளவு, நான்கு திசை எல்லைகள், அதற்குள் அடங்கிய வீடு, பயன்தரு மரங்கள், கிணற்றில் பங்கு, வழிவாய்க்கால் உரிமை என்று அது நீண்டது. வடக்கெல்லையிலும் கிழக்கெல்லையிலும் இருந்த பெயர்கள் எல்லாம் பெண்களுடையவை என்பதை முதலில் கவனித்தவள் அவள்தான். அவர்கள் ஒவ்வொருவரும் யார், யாருடைய மகள், இப்போது எந்த நாட்டில் இருக்கிறார்கள் என்று அம்மா சொல்லச் சொல்ல, அவள் கொப்பியில் ஒரு வம்சவழியை வரைந்துகொண்டே போனாள். அதில் ஆண்கள் மருமக்களாக மட்டுமே வந்தார்கள்.

வளவைப் பேத்தியின் பெயருக்கு எழுதிவிட வேண்டும் என்பது அம்மாவின் விருப்பம். இலங்கைக் குடியுரிமை இல்லாதவர்கள் பெயருக்குக் காணி எழுதுவதை 2014 ஆம் ஆண்டுச் சட்டம் கட்டுப்படுத்துகிறது; ஆகவே முதலில் என் இரட்டைக் குடியுரிமை விண்ணப்பத்தை முடித்து, காணியை என் பெயருக்கு மாற்றுவதென்று தீர்மானித்திருக்கிறோம். கிணறு பங்குக் கிணறு என்பதால் அதைத் தூர்வார மற்றப் பங்காளிகளின் சம்மதம் தேவை. பாரிசிலும் இலண்டனிலும் இருக்கும் சின்னம்மாமாரின் மகள்மாரோடு என் மகளே பேசினாள். செலவைப் பங்குப்படி பிரித்துக்கொள்ள எல்லோரும் உடன்பட்டிருக்கிறார்கள். மாரி மழை தொடங்குவதற்கு முன் வேலையை முடித்துவிட ஊரில் ஆள் பேசியாயிற்று.